கமக்கட்டில் அளந்த காய்ச்சல்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு காலத்தில் ஆராய்ச்சி நடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையிலிருந்து தெற்கே நீளும் கரையோரத்தில், வாசலிலேயே கால் மணலுக்குள் புதையும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. நடத்தியவர் இதே மண்ணில் பிறந்து, கொழும்பில் படித்து, சீமைக்கும் போய்வந்த பெரிய டொக்டர். அந்த ஆராய்ச்சியில் சுகமடைந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த ராத்தா. சுகமடைந்து வீட்டுக்கு வந்தவளை நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அடக்கம் செய்தோம்.

டொக்டரின் எண்ணம் மோசமானதல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் வஞ்சம் வைத்தவனே தவிர, பொய் சொல்பவன் அல்ல. நெருப்புக் காய்ச்சல், டொக்டர்மார் டைபொயிட் என்பது, ஊரில் பரவலாக இருந்த காலம். அதற்குக் கொடுக்கும் மாத்திரை ஆஸ்பத்திரியில் எப்போதும் தட்டுப்பாடு. வழமையாகக் கொடுக்கும் நாட்களில் பாதி நாள் கொடுத்தாலே போதும் என்று அவர் காட்ட நினைத்தார். காய்ச்சல் இறங்கி, சில நாட்கள் இறங்கினபடியே நின்றால் மருந்தை நிறுத்தி ஆளை வீட்டுக்கு அனுப்புவார். அதைத்தான் அவர் சுகம் என்பார். பெருநாள் முடிந்ததும் கொழும்பில் டொக்டர்மார் கூடும் ஒரு மாநாட்டில் இதை வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் நோன்பு மாதம் முழுக்க ஆராய்ச்சி விறுவிறுப்பாக ஓடியது.

நான் அப்போது அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்து வந்த விஞ்ஞான ஆசிரியர். நோன்புக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ராத்தா காய்ச்சலில் விழுந்து பெண்கள் வாட்டில் கிடந்தாள். அவளுடைய மகள் அப்போதுதான் சொற்களைச் சேர்த்துப் பேசப் பழகிய குழந்தை; அவளை எங்கள் உம்மா பார்த்துக்கொண்டாள். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், வயலையும் ஆஸ்பத்திரியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார். பகலில் அவள் அருகில் இருந்து விசிறுவது என் வேலையானது. கச்சான் காற்று அனல் அள்ளிக்கொண்டு வரும் மாதம் அது. சுகமாய் இருப்பவனுக்கே உடம்பு கொதிக்கும்.

வாட்டில் இருந்த சில நாட்களுக்குள் ஒன்றைக் கண்டேன். காய்ச்சல் பார்க்க வரும் பணிப்பெண் வெப்பமானியை யாருடைய வாயிலும் வைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கச் சொல்லி, கமக்கட்டுக்குள் செருகி, கொஞ்ச நேரத்தில் உருவிப் பார்த்து, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டேன்.

“நோன்பெல்லா மாஸ்டர். வாய்க்குள்ள வெச்சா எச்சில் பட்டு நோன்பு முறிஞ்சிரும் எண்டு ஒருத்தரும் வைக்க விர்றாங்க இல்ல.”

“வாட்டுல இருக்கிற எல்லாருமா நோன்பு?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அத நான் கேக்க ஏலுமா?”

அவள் சிரித்ததன் பொருள் எங்களூர்க்காரன் எவனுக்கும் விளங்கும். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. விட்ட நோன்பைச் சுகமான பிறகு பிடித்துக்கொள்ளலாம். பெண்களுக்கு மாதத்தில் நோன்பில்லாத நாட்களும் உண்டு. ஆனால் நோன்பு மாதத்தில் ‘எனக்கு இன்றைக்கு நோன்பில்லை’ என்று நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கும் பெண் எங்கள் கரையில் இல்லை. நோன்பு இருந்தவளும் கையைத் தூக்கினாள், இல்லாதவளும் கையைத் தூக்கினாள். வெட்கத்துக்கும் மார்க்கத்துக்கும் நடுவில் வாட்டு முழுவதும் கமக்கட்டிலேயே காய்ச்சல் பார்த்தது.

கமக்கட்டில் வைத்தால் வாயில் வைப்பதைவிடச் சூடு குறைவாகக் காட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. காய்ச்சலில் வற்றிப்போன கையை உடம்போடு இறுக்கிப் பிடிக்கவும் பலமில்லாதவர்களுக்கு இன்னும் குறைவாகக் காட்டும். நோன்புக்கு முன்பு வாயிலே பார்த்தார்கள், நோன்பு தொடங்கியதும் கமக்கட்டுக்கு மாறினார்கள். மாதம் பிறந்ததும் எல்லாருக்கும் காய்ச்சல் மளமளவென்று இறங்கிற்று. டொக்டர் முகத்தில் வெளிச்சம். மருந்து வேலை செய்கிறதாம்.

ராத்தாவுக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று வாட்டைச் சுற்றிவந்த டொக்டர் ஒரு காலையில் சொன்னார். அதுவரைக்கும் அவள் நோன்பில்லை. நானே பாலும் கஞ்சியும் பருக்கிக்கொண்டிருந்தேன். அன்று பகல் கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

“காய்ச்சல் எறங்கிட்டெண்டு டொக்டரே சொல்லிட்டாரு. இனி எனக்கு என்ன சாட்டு? நாளையில இருந்து நோன்பு புடிக்கப் போறன்.”

“பைத்தியமா ஒனக்கு? நெத்தியத் தொட்டுப் பாரு.”

“தொட்டுப் பாக்கிற நீ டொக்டரா, அவரு டொக்டரா?”

உம்மா ஏசினாள், மச்சான் கெஞ்சினார். ராத்தா சொன்னதைச் செய்பவள். மறுநாள் நோன்போடு கிடந்தாள். நெற்றி அடுப்பங்கல். அன்று மாலை பாங்கு சொன்னதும் ஈத்தம்பழமும் பச்சைத் தண்ணீரும் கொடுத்தேன். கஞ்சி கொடுக்கவில்லை, சூடானது எதுவும் வாயில் படக்கூடாது என்று வேண்டுமென்றே நிறுத்திவைத்தேன். சற்றுப் பொறுத்து, பணிப்பெண்ணிடம் வெப்பமானியை வாங்கி, நாக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று. பணிப்பெண்ணிடம் காட்டினேன். அவள் வெப்பமானியை என் கையிலிருந்து வாங்கி உதறிவிட்டு, “நீங்க இத டொக்டருக்குத்தான் சொல்லோணும்” என்றாள்.

மறுநாள் காலையில் சொன்னேன். டொக்டர் வாட்டு வாசலில் நின்றார். அவருக்கும் நோன்பு, உதடு காய்ந்திருந்தது. கூட இரண்டு சின்ன டொக்டர்மாரும் நேர்ஸும்.

“சேர், வாட்டுல பொம்பிளயளுக்குக் கமக்கட்டுல வெச்சித்தான் காய்ச்சல் பாக்காங்க. நோன்பு எண்டபடியால். ராத்தாக்கு நேத்து நோன்பு துறந்த பொறகு வாயில வெச்சிப் பாத்தன். காய்ச்சல் அப்பிடியே இருக்கி.”

“சுடச்சுடக் கஞ்சியக் குடிக்கக் குடுத்திட்டு வாயில வெச்சா, காய்ச்சல் காட்டாம ஐஸ்கட்டியா காட்டும்?”

சின்ன டொக்டர்மார் சிரித்தார்கள்.

“கஞ்சிக்கு முந்தி சேர். பச்சத் தண்ணி மட்டுந்தான் குடுத்த.”

அவருடைய முகம் அந்த நேரத்தில் மாறியதை நான் பார்த்தேன். சிரிப்பு நின்றது. நேர்ஸைத் திரும்பிப் பார்த்து, தணிந்த குரலில், “ஆம்பிளை வாட்டுலயும் இப்பிடித்தானா?” என்று கேட்டார். நேர்ஸ் ஓம் என்று தலையாட்டினாள். வெளியே மணலைப் பார்த்தார். அவர் மனதுக்குள் என்ன ஓடியதென்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்காகச் சேர்த்த வேலை, வாசலில் வந்து நிற்கும் மாநாடு, பிழையென்று ஒத்துக்கொண்டால் எல்லாம் மண். திரும்பி என் தோளில் தட்டினார்.

“மாஸ்டர், நீங்க பள்ளிக்கூடத்தப் பாருங்க. ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கிறன்.”

அவர் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகும் வெப்பமானி கமக்கட்டிலேயே இருந்தது. ராத்தாவுக்கு மாத்திரையை நிறுத்தி, சுகம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னால் என்ன செய்ய முடியும்? வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். உம்மாவும் மச்சானும் பெரிய டொக்டர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ராத்தா எல்லாரையும்விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். பெருநாளைக்குப் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டுமென்று தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு கைகூடத் தைத்து முடிக்கவில்லை, பாயில் சரிந்தாள்.

பெருநாள் இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். விடிந்ததும் மச்சான் வாடகைக்கு வேன் பிடித்தார். மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே கத்திவைக்கும் டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே, குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, இந்தக் காய்ச்சலுக்கு மருந்தை ஏன் இடையில் நிறுத்தினீர்கள் என்று எங்களைத் திட்டினார். நாங்கள் நிறுத்தினோமாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை. வந்த வேனிலேயே மையத்தாகத் திரும்பி வந்தாள்.

ஊர் என்னைத் தேற்றிற்று. ஊருக்குத் தேற்றுவது கைவந்த கலை. “அல்லாஹ்ட நாட்டம்” என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. “யானைக்கும் அடி சறுக்கும், மாஸ்டர்” என்றார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சறுக்கியது யானைக்கு, சரி. நசுங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த யானையோ சறுக்கவும் இல்லை, பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தது.

ஆனாலும் ஒரு சந்தேகத்தின் பலனை நான் அவருக்குக் கொடுத்துவைத்திருந்தேன். ராத்தா செத்தது வேறு ஆஸ்பத்திரியில். ஒருவேளை இவருக்குச் செய்தியே போகவில்லையோ என்னவோ. அந்த நினைப்பில்தான் ஒரு வருஷம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் ஆசிரியர்மாருக்கு நடந்த ஒரு கூட்டத்தில் சுகாதாரம் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்பு மாநாட்டில் எல்லாரும் மெச்சிய தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஊரின் ஏழை எளியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நன்மை என்றார். உதாரணத்துக்கு ஒரு தாயின் கதையையும் சொன்னார். காய்ச்சலில் பிணம்போலக் கொண்டுவந்து போட்டார்களாம், கைக்குழந்தைக்காரியாம், பாதி மருந்திலேயே எழும்பி, பெருநாளைக்கு முன்னால் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனாளாம். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த மாஸ்டரும் தட்டினார். யாரைப் பற்றிய கதை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். அந்தக் காலால் அவள் நடந்து வரும்போது தோள் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்துதான் எனக்கு அவர்மேல் கறுவம். மறைக்க மாட்டேன், அதை வளர்த்தேன். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. அவருக்கு மட்டும் உதட்டுக்குள் சொல்வேன். பள்ளிவாசலில் அவர் நிற்கும் வரிசையில் நிற்கமாட்டேன். ஒரு தடவை அவருடைய கார் மணலில் புதைந்து நின்றபோது தெருவே திரண்டு தள்ளியது. நான் என் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சின்னத்தனம்தான். பெரிதாகப் பழிவாங்க வழியில்லாதவன் சின்னதாகத்தான் வாங்க முடியும். பேசவோ எழுதவோ போனால், பெரிய டொக்டரின் சொல்லுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியின் சொல் எந்த மூலைக்கு?

வழி தானாக வந்தது. ராத்தா போய்ச் சில வருஷங்களுக்குப் பிறகு டொக்டர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்.

எங்களூரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பயணத்துக்கு முன் தெரிந்தவர்கள் வீடு வீடாக ஏறி மாப்புக் கேட்பார். மனிதருக்கு மனிதர் செய்த பிழையை, பிழை செய்யப்பட்டவர் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. பழகப் பழக அது ஒரு சடங்காகிவிட்டது. வருபவர், “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்பு” என்பார். வீட்டுக்காரர், “மாப்பு, மாப்பு, எங்களுக்கும் துஆ கேளுங்க” என்பார். ஒரு பழம், ஒரு தேத்தண்ணி. அடுத்த வீடு.

டொக்டர் என் வீட்டுக்கும் வந்தார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் இரண்டு பேரும் கூட வந்தார்கள். வெள்ளை உடுப்பு, அத்தர் வாசம். கதிரையில் உட்கார்ந்து, வந்த வேலையை முடிப்பதற்காகக் கையை நெஞ்சில் வைத்தார்.

“மாஸ்டர், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும்...”

“என்னட்ட ஒண்டுமில்ல டொக்டர். எனக்கு நீங்க ஒண்டும் செய்யல்ல. மாப்புக் குடுக்க வேண்டிய ஆள் வேற வீட்டுல இருக்கா. வாங்க, நானே கூட்டிப் போறன்.”

மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டொக்டருக்கு விளங்கிவிட்டது. மறுத்தால் அவர்கள் முன்னால் மறுக்க வேண்டும். எழும்பினார். மூன்று தெரு தள்ளி ராத்தாவின் வீடு. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தெருவில் போனவர்கள் ஸலாம் சொன்னார்கள். நான் அவசரப்படவில்லை, ஆறுதலாகவே நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாமார் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். ராத்தா போனதும் அவள் வீடு அவள் மகளுக்கு. மச்சான் மாவடிப்பள்ளியில் மறுமணம் செய்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார். உம்மா இங்கே வந்து பிள்ளையோடு இருந்தாள். ஆக அந்த வீட்டின் சொந்தக்காரி, பல் விழுந்து முளைக்கும் வயதில் ஒரு சின்னப்பெண். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். வந்தவர்களை இருக்கச் சொன்னாள்.

“யாரு மாமா இவரு?”

“ஒங்கட உம்மாவச் சுகப்படுத்தின டொக்டர், மகள்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உம்மா மௌத்தாகிட்டாவே” என்றாள். குழப்பத்தோடு சொன்னாளே தவிர, குற்றம் சொல்லும் குரலில்லை.

உள்ளே குசினிக் கதவுக்குப் பின்னால் உம்மாவின் நிழல் அசைந்தது. டொக்டர் கதிரையிலிருந்து இறங்கி, பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குந்தினார்.

“மகள், ஒங்கட உம்மாக்கு நாந்தான் மருந்து செஞ்ச. தெரிஞ்சோ தெரியாமலோ நான்...”

“‘தெரியாமலோ’வ எடுங்க, டொக்டர்.”

“மாஸ்டர்” என்றார் மரைக்கார் ஒருவர். “போதும்.”

“எடுக்கட்டும். எடுத்திட்டுச் சொல்லட்டும்.”

கொழும்பில் பெரிய பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் இங்கிலீசில் வாசித்தவருக்கு, எங்கள் தமிழில் ஒரு பிள்ளைக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் விடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“உம்மாக்குக் காய்ச்சல் விடல்ல எண்டு எனக்குத் தெரியும். ஒங்கட மாமா வந்து சொன்னாரு. தெரிஞ்சிதான் வீட்ட அனுப்பின. மௌத்தான செய்தியும் அந்தக் கிழமையே மட்டக்களப்பில இருந்து வந்த. தெரிஞ்சிதான் கொழும்புல சுகமெண்டு வாசிச்ச. மாப்புத் தாங்க மகள்.”

அவள் செத்தது தெரியாதோ என்று நான் கொடுத்துவைத்திருந்ததில் மிச்சமிருந்த சலுகையும் அத்தோடு போயிற்று. மரைக்கார்மார் தலையைத் தொங்கப் போட்டார்கள். எனக்குள் ஒரு நிறைவு வந்தது. இத்தனை வருஷம் சாப்பிட்ட சோறெல்லாம் அன்றைக்குத்தான் செரித்தது.

அந்தப் பருவத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பலர் எங்கள் வீடுகளில் ஏறி இறங்கியிருந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன சொல்வதென்று பிள்ளைக்குத் தெரியும், நாங்கள்தான் பழக்கியிருந்தோம். வாயைத் திறந்தாள். திறந்தவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“குடுக்கச் சொல்லு மகன்” என்றாள் உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. அவள் குரல் அழுதது. “ஹஜ்ஜுக்குப் போற மனிசன்.”

நான் தலையை ஆட்டவில்லை. பிள்ளை வாயை மூடிக்கொண்டாள்.

“கேட்டாச்சு டொக்டர்” என்றேன். “புள்ளைக்கு இப்ப ஒண்டும் வெளங்காது. வளந்து, வெளங்கின பொறகு அவ சொல்லியனுப்புவா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடிக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போனார், வந்தார், ஹாஜியார் ஆனார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்தத் தாயின் கதையை அவர் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று ஊர் பேசிற்று. உம்மாவும் சில நாள் என்னோடு கதைக்கவில்லை. பேசட்டும். பிள்ளைக்கு விளங்கும் வயது வந்ததும், ஆஸ்பத்திரி, கமக்கட்டு, கொழும்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நானே உட்காரவைத்துச் சொன்னேன். அழாமல் கேட்டாள். கேட்டுவிட்டுப் பாடம் படிக்கப் போய்விட்டாள்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் டொக்டருக்குப் பாரிசவாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரு நாள், அன்று கூட வந்த மரைக்கார்மாரில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். டொக்டர் கேட்கச் சொன்னாராம், அந்தப் பிள்ளை ஏதும் சொன்னதா என்று. நான் போய் அவளிடம் கேட்டேன். தன் வீட்டு வாசலில் காற்றுக்குக் காயப்போட்ட உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“பாப்பம் எண்டு சொல்லுங்க மாமா.”

மரைக்காரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். நானே நேரில் போய், கட்டிலருகே குனிந்து, அவருடைய நல்ல பக்கத்துக் காதில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தேன்.